கோல்ப் வீரர் பாப்வா செவ்கோலம்

சேர்வராயன் மலையின் அடிவாரத்தில், சோலையார்பேட்டையிலிருந்து சேலம் செல்லும் இருப்புப்பாதையை ஒட்டி அமைந்துள்ள ஊர் பொம்மிடி. யான் அவ்வூரிற் சிறுவனாய்த் திரிந்த காலத்தில், மாலை மணி அடித்துப் பள்ளி விட்டதும் நாங்கள் ஓடிச் சேரும் இடம் ஊர்ப்புறத்து வெட்டவெளியே ஆகும். ஒரு கையிற் கிட்டி. மறு கையிற் புள். புள்ளின் நுனியைத் தட்டி எழுப்பி, மேலெழுந்ததை ஓங்கி அடித்தால் அது பறந்து போகும் தொலைவே எங்கள் வீரத்துக்கு அளவுகோல். அடிக்கும் கோலுக்கு விலை கொடுத்ததில்லை. வேம்பின் கிளையொன்று போதும். ஆடுகளத்துக்கு வேலியும் இல்லை, வாயிற்காவலும் இல்லை.

மாணவர்களே! மரக்கிளையை ஒடித்து அடித்துப் பழகிய ஏழைச் சிறுவர் ஒருவர், வேலியும் காவலும் உடைய களங்களுக்குள் புகுந்து, உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரரையும் வென்ற வரலாறு ஒன்று உண்டு. அவர் பிறந்தது தென்னாப்பிரிக்காவில். அவருடைய முன்னோர் நம் நாட்டிலிருந்து சென்றவர். பாப்வா செவ்கோலம் என்பது அவர் பெயர். அவர் ஆடிய ஆட்டம் கோல்ப்.

கோல்ப் ஆட்டத்தை நம்மில் நேரிற் கண்டோர் மிகச் சிலரே. யானும் முதுமையில்தான், உதகைக்குச் சென்றிருந்த பொழுது, சாலையோரத்தே நின்று சற்று நேரம் பார்த்தேன். பார்த்த அளவில் அது எங்கள் கிட்டிப்புள்ளுக்கு அண்ணன் என்றே தோன்றிற்று. ஆடுகளம் நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட புல்வெளி. அதில் ஒன்றன்பின் ஒன்றாகப் பதினெட்டுக் குழிகள். ஒவ்வொரு குழியும் நாலேகால் அங்குல அகலமே உடையது. எலுமிச்சம்பழ அளவிலான கெட்டிப் பந்தினை நீண்ட கோலால் அடித்து, இடையிலுள்ள மணற்பள்ளங்களையும் புதர்களையும் நீர்நிலைகளையும் கடத்தி, அக்குழிக்குள் வீழ்த்துதல் வேண்டும். எவர் குறைந்த அடிகளில் இதனைச் செய்து முடிக்கின்றாரோ அவரே வென்றவர். பெரும்போட்டிகளில் இவ்வாறு நான்கு சுற்றுகள் ஆடுவர். பிற ஆட்டங்களில் மிகுதியாகப் பெற்றவர் வெல்வர். இதில் குறைவாகச் செலவிட்டவரே வெல்வர். சிக்கனக்காரரின் ஆட்டம் என்று சொல்லலாம் போலும். ஆயினும் இதனை ஆடுவோர் பெரும்பாலும் செல்வரே. ஸ்காட்லாந்து நாட்டில் வளர்ந்த இவ்வாட்டத்தை ஆங்கிலேயர் தாம் சென்ற நாடெங்கும் கொண்டு சென்றனர். கல்கத்தாவில் 1829ஆம் ஆண்டிலேயே கோல்ப் கழகம் ஒன்றை நிறுவினர்.

ஆடுவோர் பின்னே கோல்கள் நிறைந்த பையைத் தோளிற் சுமந்துகொண்டு ஒருவர் நடப்பார். பந்து வீழ்ந்த இடத்தைக் கண்டறிதலும், வேண்டிய கோலை எடுத்து நீட்டுதலும் அவர் தொழில். இத்தொழிலாளருக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் கேடி என்பது. நம் பேச்சு வழக்கில் அச்சொல் வேறொரு பொருளைத் தருவதால், பை சுமப்போர் என்றே இப்பாடத்தில் எழுதுகின்றேன்.

இவ்வாட்டக்காரருள் இரு வகையினர் உண்டு. பரிசுப் பணம் கருதாது பொழுதுபோக்காக ஆடுவோர் ஒரு வகையினர். ஆட்டத்தையே பிழைப்பாகக் கொண்டோர் மற்றொரு வகையினர். பிழைப்புக்காக ஆடியோருள் மிகப் பலர் பை சுமந்து பழகி உயர்ந்தவரே ஆவர். திறமை இவர்களிடம் மிகுந்திருந்தது; ஆனால் மதிப்பு மற்றவருக்கே கிடைத்தது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நெடுங்காலம் வரையில் தொழில்முறை ஆட்டக்காரர் கழக மாளிகையின் முன்வாயில் வழியே நுழைதல் கூடாது என்ற வழக்கம் இருந்தது. 1920ஆம் ஆண்டில் வால்டர் ஹேகன் என்ற அமெரிக்க வீரர் இங்கிலாந்தில் ஆடச் சென்றார். மாளிகைக்குள் உடை மாற்ற இடம் இல்லை என்றறிந்ததும், அவர் விலையுயர்ந்த மோட்டார் வண்டி ஒன்றை வாடகைக்கு அமர்த்தி, அதனை மாளிகை வாயிலிலேயே நிறுத்தி, அதற்குள் உடை மாற்றிக்கொண்டார் என்பர். கூட்டம் அவரைக் கொண்டாடிற்று. ஹேகனிடம் வண்டிக்குக் கொடுக்கப் பணம் இருந்தது. அவர் தோலின் நிறமும் மாளிகைக்குள் இருந்தோர் நிறமும் ஒன்றாகவே இருந்தன. பாப்வாவுக்கு இவ்விரண்டும் வாய்க்கவில்லை.

1860ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16ஆம் நாள், ட்ரூரோ என்னும் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டுத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அங்குள்ள கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்ட இந்தியரே அக்கப்பலில் இருந்தனர். பத்து நாள் கழித்துக் கல்கத்தாவிலிருந்து பெல்விடியர் என்னும் கப்பல் வந்தது. பின்னர் 1911 வரையில் கப்பல்கள் வந்தவண்ணமே இருந்தன. ஐந்தாண்டு ஒப்பந்தம், தொடக்கத்தில் மாதம் பத்து ஷில்லிங் கூலி. தெற்கே தமிழ் மாவட்டங்களிலிருந்தும் வடக்கே கங்கைச் சமவெளியிலிருந்தும் மக்கள் இவ்வாறு சென்றனர். இறங்கியோர் பெயரைப் பதிவு செய்த எழுத்தர்கள் காதிற் பட்டவாறு எழுதினர். கவுண்டர் என்பது கோவெண்டர் ஆயிற்று. முதலி என்பது மூட்லி ஆயிற்று. வடநாட்டுச் சிவசங்கர் என்னும் பெயரும் அவ்வாறே உருமாறிச் செவ்சங்கர் என நின்றது. செவ்சங்கர் செவ்கோலம் என்பதே நம் வீரரின் முழுப்பெயர். பாப்வா என்பது அவரை யாவரும் அழைத்த செல்லப் பெயர். அவர் தமிழர் அல்லர், வடநாட்டுக் குடிவழியினர். ஆயினும் டர்பன் நகரத்துத் தமிழரும் தெலுங்கரும் குசராத்தியரும் அவரைத் தம் வீட்டுப் பிள்ளையாகவே கருதினர். கடல் கடந்து சென்ற இடத்தில் மொழிவேற்றுமை சிறுத்துவிடுகின்றது போலும்.

பாப்வா 1928ஆம் ஆண்டில் டர்பனிற் பிறந்தவர். உம்கேனி ஆறு கடலொடு கலக்கும் இடத்துக்கு அண்மையில் அவர் வளர்ந்தார். அவ்விடத்துக்கு அருகிலேயே பீச்வுட் என்னும் கோல்ப் களம் பரந்து கிடந்தது. களம் வெள்ளையருக்கு உரியது. அதனருகே வாழ்ந்த இந்தியச் சிறுவர்க்கு அது பை சுமந்து சில காசுகள் பெறும் இடம். பாப்வாவும் இளம்பருவத்திலேயே பையைத் தோளில் ஏற்றினார். பள்ளிப் படிப்பு வாய்க்கவில்லை. எழுத்தறியாத அவர் தம் வாழ்நாள் முழுவதும் ஆட்டக் கணக்கை எழுதும் தாளுக்குப் பிறர் துணையையே நாடவேண்டியிருந்தது. நான்கு சுற்று ஆட்டத்தில் ஒவ்வோர் அடியையும் நினைவில் வைத்திருந்தவருக்கு அதனை எழுத்தில் இடத் தெரியவில்லை என்பதை எண்ணும் பொழுதெல்லாம், நாற்பதாண்டு கரும்பலகைமுன் நின்றவனாகிய எனக்கு நெஞ்சு கனக்கின்றது.

பகலிற் பிறர் ஆடுவதைப் பார்த்ததை மாலையிற் கடற்கரை மணலில் தாமே அடித்துப் பார்த்தார். கோல் வாங்கப் பொருள் இல்லை. மலைவேம்பை ஒத்த சிரிங்கா மரத்தின் கிளையைச் செதுக்கியே அவர் முதற்கோலைப் பெற்றார் என்பர். மலைவேம்பு நம் மலைச்சாரலிலும் உள்ள மரமே. ஏகலைவனுக்கு மண்ணாற் செய்த துரோணர் உருவமேனும் முன்னே இருந்தது. பாப்வாவுக்கு அதுவும் இல்லை.

ஆசிரியர் இல்லாமையால் ஒரு புதுமை விளைந்தது. வலக்கைப் பழக்கமுள்ளோர் கோல்பிற் கோலைப் பிடிக்கும்பொழுது இடக்கையை மேலேயும் வலக்கையை அதன் கீழேயும் வைத்துப் பிடிப்பர். உலகமெங்கும் உள்ள வழக்கம் அதுவே. நூல்களிற் கூறப்படும் முறையும் அதுவே. பாப்வாவோ வலக்கையை மேலேயும் இடக்கையைக் கீழேயும் வைத்துப் பிடித்தார். கைகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இப்பிடியால் பந்தை நெடுந்தொலைவு அடித்தல் அரிது என்பது வல்லோர் கருத்து. அவர் அடித்த பந்தோ நேராகவும் நெடுந்தொலைவும் சென்றது. பின்னாளில் இப்பிடி அவர் பெயராலேயே குறிக்கப்படலாயிற்று.

இவ்விடத்து என் பிழையொன்றைக் கூறாதிருத்தல் முறையன்று. யான் ஆசிரியப் பணி ஏற்ற முதலாண்டில், இடக்கையால் எழுதும் மாணவன் ஒருவன் என் வகுப்பில் இருந்தான். எழுத்து முத்துப்போல் இருந்தது. ஆயினும் வலக்கையால் எழுதுவதே முறை என்று அவனைத் திரும்பத் திரும்பக் கண்டித்தேன். சில நாள் இடக்கையை முதுகுக்குப் பின்னே கட்டிக்கொள்ளவும் செய்தேன். அவ்வாண்டு முடிவதற்குள் அவன் வலக்கையால் எழுதப் பழகினான். எழுத்தின் அழகு போயிற்று. விரைவும் போயிற்று. தேர்வில் விடை முழுவதும் எழுதி முடிக்க அவனால் இயலவில்லை. பாப்வாவுக்கு நல்லாசிரியர் ஒருவர் வாய்த்திருந்தால் அப்பிடியை முதல் நாளிலேயே திருத்தியிருப்பார். அவரும் நூற்றுவருள் ஒருவராய் மறைந்திருப்பார்.

பீச்வுட் களத்தில் ஆடி வந்த வெள்ளையருள் கிரகாம் வல்ப் என்பவர் ஒருவர். அவர் வேதியியல் வல்லுநர். 1950களின் தொடக்கத்தில் தம் மனைவியின் முகப்பூச்சுக்கென இளஞ்சிவப்பு நிறத்ததொரு நெய்மத்தை உருவாக்கி, அதனை ஆயில் ஆப் ஓலே என்னும் பெயரால் விற்கத் தொடங்கியவர் அவரே. ஓலே என்னும் பெயர் இன்றும் நம் கடைத்தெருக்களிற் காணப்படுவது. வல்ப் கோல்பிற் பேரார்வம் உடையவர், பொழுதுபோக்கு ஆட்டக்காரர். பொழுதுபோக்காக ஆடுவோருக்குத் தம் கையால் ஆகாத ஒன்றைப் பிறர் கையில் எளிதில் நிகழக் காணும்பொழுது இருவகை உணர்ச்சிகளுள் ஒன்று தோன்றும். ஒன்று அழுக்காறு, மற்றொன்று காதல். வல்பினிடத்தே தோன்றியது பின்னதே. தம் பையைச் சுமந்து வந்த இந்தியர், தாம் நூல்படி பிடித்தும் அடிக்கமாட்டாத அடியைத் தலைகீழாய்ப் பிடித்து அடித்ததைக் கண்டார், வியந்தார். அவ்வியப்பு வெறும் பாராட்டோடு நின்றுவிடவில்லை. தம் தொழிற்சாலையில் பாப்வாவுக்கு வேலை கொடுத்தார். அவர் ஆடிப் பழகுவதற்கு வழி செய்தார்.

அந்நாளில் ஒரு வெள்ளையர் இதனைச் செய்தல் எளிதன்று. 1948ஆம் ஆண்டில் ஆட்சிக்கு வந்த தேசியக் கட்சி நிறவேற்றுமையைச் சட்டமாகவே ஆக்கிற்று. 1950இல் இயற்றிய சட்டமொன்றால், இன்ன இனத்தார் இன்ன பகுதியில்தான் வாழலாம் என்று நகரங்களைக் கூறுபோட்டது. கடற்கரை, பேருந்து, பள்ளி, மருத்துவமனை யாவும் வெவ்வேறாயின. இந்தியரும் ஆப்பிரிக்கரும் தமக்குள்ளே போட்டிகள் நடத்திக்கொண்டனர். பாப்வா அப்போட்டிகளிற் பலமுறை வென்றார். எனினும் அவ்வெற்றிகளை நாட்டின் பெரிய செய்தித்தாள்கள் பொருட்படுத்தவில்லை. வெள்ளையர் போட்டிகளில் அவர் ஆடுவதற்கு அந்நாளில் இடமில்லை.

உள்நாட்டிற் கதவு அடைபட்டிருக்கவே, வல்ப் வெளிநாட்டுக் கதவைத் தட்டினார். 1959ஆம் ஆண்டில் தம் செலவில் பாப்வாவை ஐரோப்பாவுக்கு அனுப்பி ஆடச் செய்தார். அதுவரை டர்பன் கடற்கரை மணலையே கண்டிருந்தவர் பிரிட்டனின் புல்வெளியில் நின்றார். அங்குள்ள காற்று வேறு, மண் வேறு, குளிர் வேறு. அவ்வாண்டு பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியில் வென்றவரும் தென்னாப்பிரிக்கரே. அவர் பெயர் கேரி பிளேயர்; வெள்ளையர்; இருபத்துமூன்று வயது இளைஞர். இப்பெயரை மாணவர் நினைவில் வைத்தல் வேண்டும்.

பின்னர்ப் பாப்வா ஹாலந்து நாட்டுக்குச் சென்று டச்சு ஓப்பன் போட்டியில் ஆடினார், வென்றார். அயல்நாட்டில் அடியெடுத்து வைத்த ஆண்டிலேயே, பை சுமந்த ஏழை ஒருவர் ஒரு நாட்டின் திறந்த போட்டியை வென்றார் என்ற செய்தி டர்பனை எட்டியது. இந்தியர் தெருக்களில் மகிழ்ச்சி பொங்கிற்று. கோல்ப் என்றால் இன்னதென்று அறியாதோரும் அன்று அதனைப் பற்றியே பேசினர்.

நம் தருமபுரி பண்டு தகடூர் எனப் பெயர் பெற்றிருந்தது. அதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி தனக்குக் கிடைத்த அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவையாருக்கு அளித்த செய்தியை நீங்கள் கீழ்வகுப்பிலேயே கற்றிருப்பீர்கள். நெடுவாழ்வு தரும் கனி தன்னைக் காட்டிலும் அப்புலவர்க்கே பயன்படும் என்று அரசன் எண்ணினான். வல்பின் செயலை யான் அதனோடு முற்றும் ஒப்பிடமாட்டேன். கொடுத்தவர் செல்வர், கொடுத்ததனால் அவர் செல்வம் குறைந்துவிடவில்லை. ஆயினும் தம்மினும் ஆற்றல் மிக்காரைக் கண்டு, அவருக்கு இடம்விட்டுத் தாம் ஒதுங்கி நிற்கும் பண்பு இரண்டிடத்தும் ஒன்றே. அதியமான் வேண்டிய இடத்தில் ஔவையாரைத் தன் அவையில் இருத்தினான். வல்பின் நட்புக்கோ அந்த வலிமை இல்லை. ஐரோப்பாவுக்கு வழி திறக்க முடிந்த அவரால், தம் ஊர்க் கழகத்தின் கதவைத் திறக்க இயலவில்லை.

1960ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், ஷார்ப்வில் என்னும் இடத்தில் கூடி நின்ற ஆப்பிரிக்க மக்கள்மீது காவலர் சுட்டதால் 69 பேர் மாண்டனர். உலகம் தென்னாப்பிரிக்காவைச் சினந்து நோக்கிய ஆண்டு அது. அவ்வாண்டிலும் பாப்வா ஹாலந்துக்குச் சென்று அதே போட்டியை இரண்டாம் முறையும் வென்றார். 1964இல் மூன்றாம் முறை வென்றார். வெளிநாட்டார் கைதட்டிய வீரரை உள்நாட்டில் முற்றும் புறக்கணித்தல் இனி நாணத்தக்கது ஆயிற்று. ஆகவே சில போட்டிகளில் மட்டும் தனி அனுமதி பெற்று அவர் ஆடலாம் என்றாயிற்று. ஆடலாம், ஆனால் கழக மாளிகைக்குள் நுழையலாகாது. அங்கே உடை மாற்றலாகாது, உண்ணலாகாது, நீர் பருகலாகாது. வண்டியே அவருக்கு உடை மாற்றும் அறையும் உணவுக் கூடமும் ஆயிற்று.

1963ஆம் ஆண்டில் டர்பன் கன்ட்ரி கிளப் என்னும் புகழ் வாய்ந்த களத்தில் நேட்டால் ஓப்பன் போட்டி நடந்தது. பாப்வா ஆடுகின்றார் என்றதும் இந்தியர் கூட்டம் களத்தின் ஓரமெங்கும் திரண்டது. ஆலைத் தொழிலாளரும் கடைக்காரரும் பள்ளிச் சிறுவரும் அவர் பின்னே நடந்தனர். அவர் வெள்ளுடை அணிந்து, குறைந்த பேச்சும் சிறு முறுவலும் உடையவராய், தலைகீழாய்ப் பிடித்த கோலுடன் ஒவ்வொரு குழியாகக் கடந்து சென்றார். கோல்ப் களத்தில் ஓசை எழுப்புதல் வழக்கம் அன்று. அன்றோ ஒவ்வொரு நல்லடிக்கும் எழுந்த ஆரவாரம் அடக்கற்கரியதாய் இருந்தது. இறுதியில் வெள்ளையர் பலருக்கும் மேலாகப் பாப்வாவே வென்றார். வெள்ளையர் அல்லாதார் ஒருவர் அந்நாட்டின் மாகாண ஓப்பன் போட்டியொன்றில் வென்றது அதுவே முதன்முறை.

பரிசளிக்கும் நேரத்தில் மழை பெய்தது.

வெள்ளையர் மாளிகைக்குள் ஒதுங்கினர். வெள்ளையருக்கு உரிய பகுதியில் உள்ள மாளிகைக்குள் இந்தியர் ஒருவரை விருந்தினராக அழைத்தல் சட்டத்துக்கு மாறு என்று கருதப்பட்ட காலம். வென்றவர் வெளியே மழையில் நின்றார். தோற்றவர் உள்ளே நனையாது இருந்தனர். பரிசுக் கோப்பை வெளியே கொண்டுவரப்பட்டு, நனைந்து நின்ற பாப்வாவின் கையில் அளிக்கப்பட்டது. அந்நிலையில் எடுத்த நிழற்படம் பல நாட்டுச் செய்தித்தாள்களில் வெளிவந்தது. நீண்ட சொற்பொழிவுகள் விளக்க முயன்ற கொடுமையை அப்படம் ஒரு நொடியில் விளக்கிவிட்டது. தென்னாப்பிரிக்காவோடு விளையாடலாகாது என்று உலகெங்கும் எழுந்த இயக்கத்துக்கு அது வலிமை தந்தது. 1964ஆம் ஆண்டு டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் விழாவுக்கு அந்நாடு அழைக்கப்படவில்லை. 1970இல் ஒலிம்பிக் கழகத்திலிருந்தே நீக்கப்பட்டது.

நனைந்து நின்ற பாப்வாவின் உள்ளத்தில் அவ்வேளை யாது இருந்தது என்று யான் எண்ணிப் பார்ப்பதுண்டு. அவர் அரசியல் பேசுபவர் அல்லர். கோப்பையை வாங்க மறுத்திருக்கலாம் என்று சிலர் கருதுவர். வயிற்றுப்பாட்டுக்கு ஆடும் ஒருவருக்கு அடுத்த போட்டிக்கு அனுமதி வேண்டும் என்பதை அவர்கள் மறந்தனர். அவர் தலை குனிந்து வாங்கிக்கொண்டார். அதே ஆண்டில் தென்னாப்பிரிக்க ஓப்பன் போட்டியிலும் ஆடி இரண்டாம் இடம் பெற்றார்.

1965ஆம் ஆண்டு வந்தது. மீண்டும் நேட்டால் ஓப்பன் போட்டி. இம்முறை எதிரே நின்றவருள் ஒருவர் முன்னே யான் நினைவிற் கொள்க என்ற கேரி பிளேயர். ஆறாண்டுகளில் அவர் உலகப் புகழின் உச்சியை அடைந்திருந்தார். கோல்ப் உலகில் நான்கு போட்டிகளைத் தலையாயவை என்பர். அவற்றுள் மூன்றினை அவர் முன்னரே வென்றிருந்தார். எஞ்சிய அமெரிக்க ஓப்பனையும் அவ்வாண்டிலேயே வென்று, நான்கினையும் வென்ற மிகச் சிலருள் ஒருவரானார். அத்தகையவரைத்தான் நேட்டாலிற் பாப்வா எதிர்கொண்டார். ஒருவர் நூல்முறை அறிந்தவர். நாள்தோறும் உடற்பயிற்சி செய்பவர். நாடுதோறும் சென்று ஆடுபவர். மற்றவர் வண்டிக்குள் உடை மாற்றிக்கொண்டு வந்து நின்றவர். வென்றவர் பாப்வா.

ஒருமுறை வென்றதைத் தற்செயல் என்று தள்ளலாம். இருமுறை, அதுவும் கேரி பிளேயரையே வென்றதை எவ்வாறு தள்ளுவது? வெள்ளையரே இயல்பில் உயர்ந்தவர் என்னும் கொள்கைமீது கட்டிய அரசுக்கு, எழுதப்படிக்கத் தெரியாத இந்தியர் ஒருவரின் கோல் பெருந்தொல்லை ஆயிற்று. அவரை ஆட்டத்தில் வெல்ல இயலாதோர் ஆணையால் வென்றனர். அதன்பின் வெள்ளையர் போட்டிகளில் ஆட அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. கடவுச்சீட்டும் பறிக்கப்பட்டதால் ஹாலந்துக்கும் பிற நாடுகளுக்கும் சென்று ஆடும் வழி அடைபட்டது. அவருடைய ஆற்றல் முதிர்ந்து நின்ற காலம் அது. முப்பதைக் கடந்து நாற்பதை எட்டாத வயது. கோல்ப் ஆட்டக்காரர்க்கு அதுவே பொன்னான பருவம்.

ஏகலைவனின் கட்டைவிரலைக் கேட்டு வாங்கினார் துரோணர். இங்கே விரல்கள் பத்தும் கையிலேயே இருந்தன. பிடித்து அடிக்கக் களம் இல்லை. எதனைக் கொடியது என்று சொல்வது? வகுப்பில் இவ்வினாவை எழுப்பினால் மாணவர் இரு பிரிவாகப் பிரிந்து வாதிடுவர் என்பது என் பட்டறிவு.

பின்னர் வந்த ஆண்டுகளைப் பற்றி மிகுதியாகச் சொல்வதற்கில்லை. வெள்ளையர் அல்லாதாருக்கு உரிய சிறு போட்டிகளில் ஆடினார். அவற்றின் பரிசுப் பணம் குடும்பத்துக்குப் போதாது. வறுமை மீண்டும் சூழ்ந்தது. 1978ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மாரடைப்பால் இறந்தார். அப்பொழுது அவருக்கு வயது ஐம்பது நிறையவில்லை.

கிரகாம் வல்ப் அதன்பின் முப்பதாண்டு வாழ்ந்து 2008இல் மறைந்தார். அவருடைய முகப்பூச்சு உலகின் கண்டங்களெல்லாம் பரவிப் பெருஞ்செல்வம் ஈட்டிற்று. அவரைப் பற்றி எழுதுவோர் அதனையே முதலிற் சொல்வர். யான் அவ்வாறு எழுதமாட்டேன். தம்மிலும் வல்ல ஓர் ஏழையின் ஆட்டத்தைக் கண்டு மயங்கி, அவர்பொருட்டுத் தம் பொருளையும் தம் இனத்தாரின் நன்மதிப்பையும் சிறிதளவேனும் பணயம் வைத்தவர் என்றே எழுதுவேன். சிறிதளவேனும் என்று அடைகொடுத்ததும் அறிந்தே செய்தது. நட்பு ஒன்றால் மட்டும் ஒரு நாட்டின் சட்டம் மாறிவிடாது. அதற்குப் பின்னும் எண்ணற்றோர் சிறை சென்றும் உயிர் கொடுத்தும் போராட வேண்டியிருந்தது. 1994ஆம் ஆண்டில்தான் எல்லா இனத்தாரும் வாக்களித்த முதல் தேர்தல் நடந்து, நெல்சன் மண்டேலா குடியரசுத் தலைவர் ஆனார்.

புதிய ஆட்சியில், நாட்டின் உயர்ந்த விருதுகளுள் ஒன்றாகிய இக்கமாங்கா விருது பாப்வாவின் பெயருக்கு அளிக்கப்பட்டது. டர்பன் நகராட்சியின் கோல்ப் களம் ஒன்றுக்கும் அவர் பெயரே சூட்டப்பட்டுள்ளது. அக்களம் உம்கேனி ஆற்றை ஒட்டியே அமைந்தது. அவர் சிறுவராய் மரக்கிளையைச் செதுக்கிய கரைக்கும் அதற்கும் இடையே ஓடுவது அதே ஆறுதான். களத்தின் பெயர், அந்நாளைய எழுத்தர் காதிற் பட்டவாறு எழுதிவைத்த அதே உருவில், பாப்வா செவ்கோலம் என்றே வழங்குகின்றது.